இந்த வார வருத்தம்

உக்காரு தாயி, இந்தக் கல்லுல உக்காரு. தண்ணி லைனைப் பாத்துத் திரும்பாத, கிழக்க வெயில் கண்ணுல குத்தும். இப்படி மாவு மில்லுச் சுவத்தைப் பாத்து உக்காரு. காலை நீட்டிக்கோ. எத்தனை மாசம்? ஏழா? அதான் மூச்சு வாங்குது. நீதான அந்த மாடி வீட்டுக்குப் புதுசா வந்த பிள்ளை? ஒரு வாரம் இருக்குமா வந்து?

உன் குடம் எங்கன கெடக்கு, முப்பத்தாறுலயா? ம். என்னுது இன்னைக்கு ஆறு. பச்சைக் குடம், வெள்ளைப் பெயிண்ட்ல பொட்டு வச்சது. சில வெள்ளிக்கிழமை மட்டும் நான் அஞ்சு மணிக்கே வந்து வச்சிருவேன். நேத்து எங்க பக்கத்து வீட்டு லூர்து உன் வாசல்ல வந்து, "முன்னாடி வச்சுக்கோம்மா, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக"ன்னு சொன்னாளாமே. நீ, "வேண்டாங்கக்கா, எனக்கென்ன சீக்கா, எல்லாரையும் போல நானும் வச்சுக்கிடுதேன்"னுட்டியாமே. சபாஷ். அதுதான் பண்பு. ஞாயித்துக்கிழமை போர்டுல பாராட்டுக் கட்டத்துல உன் பேரை எழுதிப் போடுதேன். பேரு என்ன? இன்பவல்லியா. நல்ல பேரு.

எந்த போர்டா? அந்தா, உன் மூஞ்சிக்கு நேரா மில்லுச் சுவத்துல தொங்குதே, அதுதான். நான் வச்சது. சத்துணவுக் கூடத்துல கால் ஒடிஞ்சு கெடந்த கரும்பலகை. நான் அங்கன அமைப்பாளரா இருந்தேன். டீச்சர் இல்ல, ஆனா தெருவே டீச்சர்னுதான் கூப்பிடும். இருபத்தெட்டு வருசம் பிள்ளைகளை வரிசையா உக்கார வச்சு முட்டை வச்சவ. ஒருத்தன் ரெண்டாவது முட்டைக்குக் கை நீட்டினாக் கண்ணாலயே நிறுத்திருவேன். ரிட்டையர் ஆகி வீட்டுல உக்காந்தா கை சும்மா இருக்குமா? தெருவைப் பாத்தேன். ஒரு ஒழுங்கு கெடையாது. சரி, நாமளே பண்பு வளப்போம்னு ஒரு குழு ஆரம்பிச்சேன். தலைவி நான், செயலாளர் நான். உறுப்பினர்களைத்தான் இன்னும் தேடிட்டிருக்கேன்.

ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை ஒரு பண்பு எழுதுவேன். பொறுமை, அடக்கம், இன்சொல், இப்படி. அதுக்குக் கீழ ரெண்டு கட்டம். ஒண்ணு "இந்த வாரப் பாராட்டு." இன்னொண்ணு "இந்த வார வருத்தம்." நான் ஒருத்தரையும் திட்டல தாயி, கவனிச்சுக்கோ. கண்டனம்னு எழுதலாம், எச்சரிக்கைன்னு எழுதலாம். நான் அப்படியா எழுதினேன்? வருத்தப்பட்டேன், அவ்வளவுதான். பேரைப் போட்டு வருத்தப்பட்டேன்.

ரெண்டு மாசத்துல தெருவுல யாரும் என்னை நிமிந்து பாக்கிறதில்ல. மரியாதை வந்துருச்சுன்னு நெனச்சேன்.

அதிகமா வருத்தம் வாங்கினது யாருன்னு நெனைக்க? லூர்துதான். அஞ்சு தடவை. அவ வாயிருக்கே, ஏ அப்பா, தெரு முக்குல பேசினா இந்த முக்குல குழந்தை முழிச்சிரும். "சத்தமாகப் பேசியது, வருத்தம்." அப்புறம் கோழியை அவுத்து விட்டது, வருத்தம். ஒரு தடவை "அடுத்த வீட்டு முருங்கைக்காயைக் கேட்காமல் பறித்தது, வருத்தம்"னு எழுதினேன். அடுத்த வீடுன்னா எங்க வீடுதான். சொந்த விசயத்தைப் பொது போர்டுல கொண்டு வரக்கூடாதுல்ல, அதுனால அடுத்த வீடுன்னு பொதுவாப் போட்டேன். பறிச்ச காயை வச்சு அன்னைக்குச் சாயங்காலமே சூப்பு வச்சு எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கொண்டாந்து குடுத்தா, அது வேற விசயம்.

எங்க வீட்டுக்காரவுகளைப் பாத்திருப்ப நீ. அந்த நீல ஜன்னல் வீடு, ஜன்னல் ஓரமாக் கட்டில்ல படுத்திருப்பாக. பஸ்ல கண்டக்டரா இருந்தாக. மூணு வருசத்துக்கு முன்னாடி இடது பக்கம் அப்படியே விழுந்துருச்சு. பேச்சு பாதிதான் வரும். அதுனால தலகாணிக்கு அடியில பழைய விசில் வச்சிருக்காக. வலது கடைவாயில வச்சு ஊதுவாக. ஒரு விசில்னா நில்லு, நிறுத்துன்னு அர்த்தம். ரெண்டு விசில்னா ரைட், போகலாம். எங்க வீட்டுல குடும்பமே அந்த விசில்லதான் ஓடுது.

போர்டு மாட்டின அன்னைக்கே ஒரு விசில் ஊதினாக. சுவத்துல ஆணி அடிக்கிற சத்தம் பிடிக்கலபோலன்னு விட்டுட்டேன்.

சரி, தண்ணி விசயத்துக்கு வாரேன். இங்க செவ்வாயும் வெள்ளியும்தான் லாரி. அந்தக் கரண்டு கம்பத்துல ஆரம்பிச்சு இந்த மில்லு வரைக்கும் லைன். வீட்டுக்கு நாலு குடம். விடியக்காலம் அஞ்சு மணிக்கு மேல வந்து வச்சுட்டுப் போயிரலாம், ஏழரைக்கு லாரி. தெருவுல முப்பத்தெட்டு வீடு. லாரித் தண்ணி முப்பது வீட்டுக்கு வரும், கொண்டு வாரவன் மனசு வச்சா முப்பத்தொண்ணு. அதுக்குப் பின்னாடி வச்சவுக வெறுங்குடத்தைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதுனால குடத்தைத் தொடுறதுன்னா இங்க கொலைக்குத்தம் மாதிரி.

எனக்குக் காலைல அவுகளை எழுப்பி, தொடச்சு, துணி மாத்தி, காப்பி குடுத்து முடிக்க ஆறு மணி ஆயிரும். அப்புறம் ஓடி வந்து கடைசில குடத்தை வச்சுட்டுத் திரும்ப ஓடுவேன். இட்லி ஊட்டிட்டு ஏழே முக்காலுக்கு வருவேன். அதுக்குள்ள லாரி வந்து அஞ்சாறு வீடு பிடிச்சிருப்பாக. நான் வந்து நிக்கவும் என் பச்சைக் குடம் முன்னாடி இருக்கவும் சரியா இருக்கும். லாரில ஹோஸ் பிடிக்கிற செல்லையா இருக்கானே, அவன் சொல்லுவான், "சரியா வந்துட்டீக டீச்சர், உங்க முறைதான்." லைன்ல நிக்கிற பொம்பளைகளும் சொல்லுவாக, "டீச்சர்னா டீச்சர்தான், கடிகாரம் மாதிரி வாராக."

மூணு வருசம் தாயி. ஒரு நாள் பிந்தினதில்ல, ஒரு நாள் முந்தினதில்ல. எனக்கும் பெருமைதான். பின்னாடி வச்ச குடம் எப்படி முன்னாடி வந்ததுன்னு கேக்கியா? லைன்னா நகரத்தான செய்யும்! நகந்துருக்கும்னு நெனச்சேன். வேற எப்படி நெனைப்பாக? போர்டுல "நேரம் தவறாமை"ன்னு எழுதின வாரம் பாராட்டுக் கட்டத்துல என் பேரை நானே போட்டுக்கிட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல. எல்லாருக்கும் சம்மதம்னு அர்த்தம்.

இப்படி நல்லாப் போயிட்டிருந்ததுல ஞானதுரை சார் வந்து சேந்தாரு. சர்வேயரா இருந்து ரிட்டையர் ஆனவரு, அந்த மூலை வீட்டுக்குக் குடி வந்தாரு. அளந்து அளந்து பழகின கண்ணு. ஒரு நாள் என் வாசல்ல வந்து நின்னு, "அம்மா, பண்புக் குழு நீங்கதான? இந்த லைன்ல குடம் நடக்குது"ன்னாரு. குடம் எப்படி சார் நடக்கும்னேன். "ஆறு மணிக்கு ஒரு வரிசை இருக்கு, ஏழு மணிக்கு வேற வரிசை இருக்கு. கலர் மாறுது. நான் நாலு வாரமாப் பாத்து வச்சிருக்கேன்"ன்னாரு.

எனக்கு ரத்தம் கொதிச்சுருச்சு. நான் பண்பு வளக்கிற தெருவுல, என் போர்டுக்கு அடியில, லைன்ல திருட்டா? அந்த வாரப் பண்பு "நேர்மை"ன்னு பெருசா எழுதினேன். சாக்பீஸ் எடுத்துட்டுப் போயி ரோட்டுல ஒண்ணுல இருந்து முப்பத்தெட்டு வரைக்கும் கட்டம் போட்டு நம்பர் போட்டேன். வைக்கிறவுக கட்டத்துக்குள்ள வைக்கணும், அவுகவுக நம்பரை மனசுல வச்சுக்கிடணும். முட்டி வலியோட குனிஞ்சு குனிஞ்சு முப்பத்தெட்டு கட்டம். ஜன்னல்ல இருந்து ஒரு விசில். கண்டுக்கிடலையே நான்!

அந்த வெள்ளிக்கிழமை அவுகளைக் கொஞ்சம் முந்தியே எழுப்பினேன். எல்லாம் முடிச்சிட்டு ஆறு மணிக்கு வழக்கம்போலக் குடத்தை வச்சேன். முப்பத்துநாலாம் கட்டம். வீட்டுக்குப் போற மாதிரி போயி, சுத்தி வந்து, இஸ்திரி வண்டிக்குப் பின்னாடி தார்ப்பாய்க்குள்ள உக்காந்துட்டேன். கண்ணாடியைக் கழத்தி வீட்டுலயே வச்சுட்டேன், வெளிச்சத்துல மினுக்கிக் காட்டிக் குடுத்துரும் பாரு. அவ்வளவு முன்யோசனை.

அரை மணி நேரம். முட்டி ரெண்டும் மரத்துப் போச்சு. கொசு பிடுங்குது. அப்பப் பாத்தேன். ஒருத்தி வாரா. இடுப்பை ஒரு பக்கமாச் சாச்சு, சேலையைத் தூக்கிச் சொருகி, அந்த நடையைக் கண்ணாடி இல்லாமலே சொல்லிருவேன். லூர்து! அங்கிட்டு ஒரு பார்வை, இங்கிட்டு ஒரு பார்வை. பின்னாடி இருந்து நாலு குடத்தைத் தூக்குதா, முன்னாடி கொண்டுபோயி வைக்கா. முன்னாடி இருந்து நாலைத் தூக்கிட்டுப் பின்னாடி போறா. எந்தக் குடம், என்ன கலர், ஒண்ணும் எனக்குத் தெரியல. எதுக்குத் தெரியணும்? திருட்டைக் கண்டாச்சு. அது போதும்.

அட, திரும்பாத தாயி. என்னது, சத்தமா? பூனை குடத்தைத் தட்டிருக்கும். பாரு, உன்னால எங்க வீட்டுக்காரவுக ஒரு விசில் ஊதிட்டாக. நிறுத்தச் சொல்லுதாக. என் பேச்சைத்தான் இருக்கும். நீ போர்டையே பாரு, கதை இப்பத்தான் சூடு பிடிக்குது.

எந்திரிச்சு நொண்டி நொண்டி போர்டுக்குப் போனேன். சாக்பீஸை எடுத்தேன். "லூர்தம்மாள்: வரிசையில் குடத்தை நகர்த்தியது. மிகவும் வருத்தம்." மிகவும்னு அதுவரைக்கும் யாருக்கும் போட்டதில்ல. அடிக்கோடு வேற.

லாரி வந்துச்சு. தெருவே கூடிருச்சு. போர்டைப் படிக்காக, என்னைப் பாக்காக, தலையைக் குனிஞ்சுக்கிடுதாக. வெக்கப்படுதாக, பண்பு உள்ள இறங்குதுன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம். லூர்து வந்தா. எழுத்துக் கூட்டிப் படிச்சா. பெரிய சண்டை வரும்னு நானும் இடுப்புல சேலையை இழுத்துச் சொருகிட்டுத் தயாரா நின்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "ஆமா, நகத்துனேன்." அவ்வளவுதான். அந்த வாய்க்காரி அவ்வளவுதான் சொன்னா. அப்பவாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

வரல. நான் பேச ஆரம்பிச்சுட்டேன். நேர்மைன்னா என்ன, அடுத்தவுக உரிமைன்னா என்ன, சத்துணவுக் கூடத்துல ஒரு முட்டையை எப்படிக் காப்பாத்தினேன், எல்லாம் பேசினேன். ஞானதுரை சார் தலையாட்டிட்டு நிக்காரு. செல்லையா ஹோஸை மடக்கிப் பிடிச்சிட்டு நிக்கான். நான் மூச்சு வாங்க நிறுத்தினப்ப மெதுவாச் சொல்லுதான், "டீச்சர், சரியா வந்துட்டீக. உங்க முறைதான்."

திரும்பிப் பாத்தேன். ஆறாம் கட்டத்துல என் பச்சைக் குடம். நாலு. வெள்ளைப் பொட்டு.

"நான் முப்பத்துநாலுல வச்சேன்"னேன். ஓடிப் போயி முப்பத்துநாலைப் பாத்தா, அங்கன லூர்தோட சேப்புக் குடம் நாலும் உக்காந்திருக்கு. என் கையெழுத்துல நான் போட்ட முப்பத்துநாலு, அதுக்குள்ள அவ குடம்.

நீ இப்பப் புரிஞ்சுக்கிட்ட. உனக்கு ஒரு நிமிசம் ஆச்சா? எனக்குப் புரியல தாயி. நான் என்ன கத்தினேன் தெரியுமா? "என்னைத் திருடின்னு மாட்டிவிட என் குடத்தை முன்னாடி கொண்டாந்து வச்சிருக்கா பாருங்க!"ன்னு கத்தினேன். தெருவுக்கு முன்னாடி. இப்ப நெனச்சாலும் காது சூடாகுது.

செல்லையாதான் பொறுக்க மாட்டாமச் சொன்னான். "யம்மா, மூணு வருசமா உங்க குடம் ஆறு, ஏழுலதான் நிக்கி. ஏழு வீட்டுக்காரவுக ஆளுக்கு ஒரு நாளு மொறை போட்டு வச்சிருக்காக. மொறைக்காரவுக தன் இடத்துல உங்க குடத்தை வச்சுட்டு, உங்க இடத்துல போயி நின்னுக்கிடுவாக. அன்னைக்கு அவுகளுக்குத் தண்ணி கெடைக்காது, மத்தவுக ஆளுக்கு அரைக் குடம் ஊத்துவாக. நீங்க வாசலை விட்டு இறங்குறது தெரிஞ்சா நான் ஹோஸை மடக்கிப் பிடிச்சிட்டு நிப்பேன். கடிகாரம் மாதிரி வாரதா நெனச்சீகளா?"

ஞானதுரை சார் பாவம், செருப்பையே பாத்துட்டு நிக்காரு.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"ன்னு கேட்டேன். லூர்துதான் பதில் சொன்னா. "சொன்னா ஒத்துக்கிடுவீகளா? அவுகளுக்கு முடியாமப் போன மொத வாரமே வந்து கேட்டேன், முன்னாடி வைங்க டீச்சர்னு. எனக்கென்ன, நான் எல்லாரையும் போல வச்சுக்கிடுதேன்னுட்டீக. படுத்த படுக்கையா ஒரு மனுசன், தண்ணி இல்லாம எப்படி நாறாம வச்சுக்கிடுவீக? உங்களைக் கேட்டுக்கிட்டா செய்ய முடியும்?" சொல்லிட்டு அவ சேப்புக் குடம் நாலையும் தூக்கிட்டா. "என் இடம் ஆறுதான், ஆனா எனக்கு வேண்டாம். போர்டுல எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். நான் கள்ளி"ன்னுட்டு வீட்டுக்குள்ள போயிக் கதவைச் சாத்திட்டா.

எனக்குந்தான் ரோசம் இருக்கே. நானும் என் குடத்தைத் தூக்கிட்டுப் போயிட்டேன். ஆறாம் கட்டம் சும்மா கெடக்கு. தண்ணி வந்தும் ரெண்டு பேரும் வெறுங்குடத்தோட வீட்டுக்குப் போனோம். இப்படி ஒரு கூத்து எந்தத் தெருவுலயாவது நடக்குமா?

அன்னைக்கு மத்தியானம் ஒரு வேலை செஞ்சேன். பழைய நோட்டை எடுத்து, நான் யார் யாரைப் பத்தி வருத்தப்பட்டிருக்கேன்னு பாத்தேன். அந்த ஏழு வீடும் அதுல இருக்கு. ஏழும்! பாராட்டுக் கட்டத்துல யாரு இருந்தான்னு கேக்காத.

அடுத்த செவ்வாக்கிழமை வந்துச்சு. ஐயோ, அன்னைக்கு இந்தத் தெருவுல இருந்த ஒழுங்கை நீ பாத்திருக்கணும். ஒரு குடம் அசையல. கட்டத்துக்கு வெளிய ஒரு அங்குலம் போகல. ஒருத்தி சத்தமாப் பேசல. கோழியைக் கூட கட்டிப் போட்டுட்டா லூர்து. நான் ஏழே முக்காலுக்கு வந்தேன். லாரில பத்து வீடு ஆகியிருந்துச்சு. நின்னேன். இருபது ஆச்சு. நின்னேன். முப்பதோட செல்லையா ஹோஸைச் சுருட்டிட்டான். என்னைப் பாக்காமயே வண்டில ஏறிட்டான். முப்பத்துநாலுல என் நாலு குடமும் காஞ்சு கெடக்கு. நான் எழுதினது எழுதினபடியே நடந்துச்சு, ஒரு குத்தம் சொல்ல முடியாது.

வீட்டுல இருந்த ஒண்ணரைக் குடத்தை வச்சு ரெண்டு நாளு ஓட்டினேன். அவுகளைக் குளிப்பாட்ட முடியல, ஈரத்துண்டாலத் தொடச்சு விட்டேன். விரிப்பை அலச முடியல. முதுகுல ஒரு இடம் சேப்பாத் தெரிஞ்சுது. அதைத் தொட்டதும் எனக்கு அழுகை வந்துருச்சு தாயி. தெருவுக்கு முன்னாடி அழாதவ நான், அன்னைக்கு அவுக முதுகைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். "மூணு வருசமா உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். ஜன்னல் ஓரமாப் படுத்திருக்கிற மனுசனுக்குத் தெரியாதா? வாராவாரம் பாத்துட்டுத்தான இருந்திருக்காக! தலையாட்டுதாக. பாதி வாயில ஒரு சிரிப்பு வேற. அப்புறம் விசிலை எடுத்து ஒரு தடவை ஊதினாக. நிறுத்து.

முகத்தைக் கழுவத் தண்ணி இல்ல. முந்தானையால தொடச்சுட்டு சாக்பீஸை எடுத்தேன். மன்னிப்புக் கேக்குறதுன்னா எனக்கு நாக்கு புரளாது, அது என் பிறவிக் குணம். எழுதச் சொன்னா எழுதுவேன். லூர்து பேரை அழிச்சேன். அந்தக் கட்டத்துல எழுதினேன், "சண்முகவடிவு: கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தது. வருத்தம்." எழுதி முடிச்சுத் திரும்பினா ஜன்னல்ல இருந்து ரெண்டு விசில். ரைட், போகலாம்னுட்டாக.

ஒவ்வொருத்தியா வந்து படிச்சுட்டுப் போனா. யாரும் சிரிக்கல. கடைசில லூர்து வந்தா. இடுப்புல கை வச்சு ரொம்ப நேரம் நின்னு படிச்சா. நான் வாசக்கதவு இடுக்குல இருந்து பாக்கேன். அவ குனிஞ்சு சாக்பீஸை எடுத்தா. "வருத்தம்"னு இருந்ததுக்கு முன்னாடி, கோணல் மாணலாப் பெரிய எழுத்துல, "மிகவும்"னு சேத்தா. அடிக்கோடு போட்டா. சாக்பீஸைச் சுவத்துல வச்சுட்டு, "இப்பத்தான் சரியா இருக்கு"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரிச் சொல்லிட்டுப் போயிட்டா. உள்ள வந்து உக்காந்து நான் சிரிச்சேன் பாரு, அவுக ரெண்டு விசில் ஊதினாக.

மறுநாளு வெள்ளி. முப்பத்துநாலுல வச்சேன். ஏழே முக்காலுக்கு வந்தேன். ஆறாவதா என் பச்சைக் குடம் நிக்கி. லூர்துதான் சொன்னா, "சரியா வந்துட்டீக டீச்சர், உங்க முறைதான்." நான் என்ன சொன்னேன்? "நான் எப்பவும் கணக்காத்தான் வருவேன்"னேன். மூக்கு மட்டும் உறிஞ்சிருச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும் தாயி, இந்தத் தெருவுல இன்னைக்கு இவ்வளவு பண்பு இருக்குன்னா அதுக்கு என் போர்டுதான் காரணம். இல்லன்னு யாராவது சொல்லட்டும் பாப்போம். ஞானதுரை சாரே மாறிட்டாரு. அந்த ஏழு வீட்டோட எட்டாவதா அவரு வீடு சேந்துருச்சு, ஒன்பதாவது நான். இன்னைக்கு என் முறை. அதுக்குத்தான் அவுகளை நாலரைக்கே எழுப்பி எல்லாம் முடிச்சிட்டு அஞ்சு மணிக்கு வந்து வைக்கிறது. அவுக சலிச்சுக்கிடுறதே இல்ல. கண்டக்டர் வேலைக்குத் திரும்பப் போற மாதிரி விசிலைத் துடைச்சு வச்சுக்கிட்டு உக்காந்துருவாக.

லாரித் தண்ணி பிடிக்கிற சத்தம் கேக்குதா? கேக்கட்டும், உனக்கென்ன அவசரம், உன்னுது முப்பத்தாறு. உக்காரு. எனக்கு முறைல என்ன வேலைன்னு கேக்கலையே நீ. குடம் தூக்கி நடக்க முட்டி விடாது. தூக்கி வைக்கிறது லூர்துதான். என்கிட்ட என்ன சொல்லிட்டா தெரியுமா? "டீச்சர், குடத்துக்காரவுக லைன் பக்கம் திரும்பாமப் பேச்சு குடுக்கணும். அதுக்கு உங்களை விட்டா இந்த ஊர்ல ஆளு கெடையாது." நான் அதைப் பாராட்டாத்தான் எடுத்துக்கிட்டேன்.

பொறு. விசில். ஒண்ணு... ரெண்டு. ஆ, ரைட்டு. இப்பத் திரும்பிக்கோ.

ஆமா, உன் நீலக் குடந்தான். ஆறுல இருக்கு. முப்பத்தாறுல வச்சியா? இருட்டுல வச்சிருப்ப, சரியாப் பாத்திருக்க மாட்ட. முப்பத்தாறுல நிக்கிற பச்சைக் குடம் யாருதா? எனக்கெப்படித் தெரியும், கண்ணாடி வீட்டுல கெடக்கு. எனக்குத் தண்ணிக்கு என்ன, லூர்து ஊத்துவா, திட்டிக்கிட்டே ஊத்துவா. எதுக்குக் கண்ணைத் தொடைக்க? வயித்துப் பிள்ளைக்காரி அழக்கூடாது. எனக்கென்ன சீக்கா, சீக்கான்னு மறுபடி ஆரம்பிச்ச, ஞாயித்துக்கிழமை உன் பேரு வருத்தக் கட்டத்துலதான் வரும், மிகவும் போட்டு எழுதிருவேன்.

மெதுவா எந்திரி. என் கையைப் பிடிச்சுக்கோ. செல்லையா ஹோஸை மடக்கிப் பிடிச்சிட்டு நிக்கான் பாரு. நட. சரியா வந்துட்ட தாயி, உன் முறைதான்.